இரண்டேகால் மணிக் கேள்வி

கேமரா வாங்குவது என்று முடிவானபோது வள்ளிக்கண்ணுவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா என்றால், அதுவும் இல்லை. மேலத்தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து, பித்தளை அண்டாவிலிருந்து தலையணை உறை வரை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தலையணை உறை சாமானைக் கட்டுவதற்காகத்தான் என்று தெரு முழுக்க விளக்கம் வேறு. அந்தச் சேதி அறந்தாங்கியிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டி, மஸ்கட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் அவள் புருஷன் அடைக்கலத்தின் காதில் விழ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு சிராஜ் பாய் ஏணியோடு வாசலில் நின்றார்.

சிராஜ் பாய்க்கு ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். டிவி கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிற காலம் வந்ததும் கேமராவுக்கு மாறிக்கொண்டார். நல்ல மனுஷன். வாய்தான் ஓயாது.

"எதுக்குடி இதெல்லாம்?" என்று பக்கத்து வீட்டுப் பூரணம் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "உன் வீட்டுக்குத் திருட வந்தவன், ஐயோ பாவம்னு எதையாவது வச்சுட்டுல்ல போவான்?"

"உங்க வீட்டுக்கு வராம இருக்கிறதுக்குத்தான்க்கா. இங்க கேமராவைப் பாத்து பயந்து அப்படியே ஓடிருவான்ல," என்றாள் வள்ளிக்கண்ணு. நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு மிச்சமிருந்த சொத்துகளில் வாய்த்துடுக்கும் ஒன்று.

அடைக்கலம் வீடியோ போனில் வந்திருந்தார். போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். சிராஜ் பாய் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று அட்டைப் பெட்டிகளையும் கடை பரப்பினார்.

"அண்ணே, மூணு ரகம் இருக்கு. பழைய ரகம், படத்தைப் பிடிச்சுப் பொட்டியில சேத்து வைக்கும். திருடு போனப்புறம் மூணு நாள் உக்காந்து பாத்தா, திருடன் குல்லா போட்டுக்கிட்டு வந்திருப்பான். ரெண்டாவது ரகம், படத்தை உங்க போனுக்கே அனுப்பும். பூனை தாண்டினாலும் மணி அடிக்கும். ஒரு வாரத்துல நீங்களே மணியை அமத்திப் போட்டுருவீங்க."

"மூணாவது?"

"மூணாவதுதாண்ணே புதுசு. பேரு 'துணை'. இது படமே வச்சுக்கிறதில்ல. பாக்கும், என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கும், பாத்த படத்தை அந்த நிமிஷமே அழிச்சிரும். வீட்டு நடப்பை ஒரு பயலும் பாக்க முடியாது. நீங்களே பாக்க முடியாது. ஆனா கேட்டா பதில் சொல்லும்."

"என்னத்தக் கேக்குறது?"

"என்ன வேணாலும். கதவு பூட்டியிருக்கா, யாரு வந்தா, மோட்டார் ஓடுதா. போன்ல வாயால கேளுங்க. பதில் எழுத்துல வரும்."

வள்ளிக்கண்ணுவுக்கு அது பிடித்துப்போயிற்று. நைட்டியோடு கொல்லையில் நிற்பதை எவனும் பார்க்கப்போவதில்லை என்றால் சரிதான். அடைக்கலத்துக்கும் பிடித்தது. "அதையே போடுங்க பாய்," என்றார்.

வாசல் கேட்டுக்கு ஒன்று, கொல்லையில் மோட்டார் பக்கம் ஒன்று, கூடத்தில் ஒன்று. நான்காவதை அடுப்படி வாசலுக்கு மேலே வைக்கப் போனபோதுதான் அவள் மல்லுக்கு நின்றாள். "அடுப்படியில என்னத்துக்கு? பருப்பு வேகுறதைத் திருடன் பாக்கப் போறானா?" அடைக்கலம், "கேஸ் அடுப்பை அணைக்காம விட்டா அது சொல்லும்ல. நீ மறதிக்காரி," என்றார். போன வருஷம் பால் தீய்ந்த கதையை அவர் மறப்பதாக இல்லை. "படுக்கிற ரூம்லயும் குளிக்கிற பக்கமும் வைக்க மாட்டேன் தங்கச்சி, அது என் கொள்கை," என்று சிராஜ் பாய் சமாதானம் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.

"பதினஞ்சு நாள் இப்படியே விட்டுரு. உன்கூடப் பழகிக்கும்," என்று போகும்போது சொன்னார். புது மருமகளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மகள் கலையரசி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் வள்ளிக்கண்ணு ஒண்டியாள். அவளுடைய ஒரு நாள் என்பது பகல் இரண்டேகால் மணியில்தான் இருந்தது. அங்கே மணி பன்னிரண்டே முக்கால் ஆகும். அடைக்கலத்துக்குச் சாப்பாட்டு நேரம். மணி அடித்ததுபோல் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"என்ன கொழம்பு?"

அப்புறம் தண்ணீர் வந்ததா, கரண்ட் இருந்ததா, கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாளா. இருபத்தாறு வருஷமாக அதே கேள்விகள், அதே வரிசை. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, ஒவ்வொரு பதிலோடும் பூரணத்தைப் பற்றி ஒரு குறை, முதுகு வலியைப் பற்றி ஒரு புலம்பல் என்று சேர்த்துக்கொண்டே போக, இருபது நிமிஷம் ஓடிவிடும். "வேற கேள்வியே தெரியாதா இந்த மனுஷனுக்கு? கிளிப்பிள்ளை மாதிரி," என்று பூரணத்திடம் சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டாலும், இரண்டு மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

நம் ஊரில் சாப்பிட்டியா என்று கேட்கிறவன் சோற்றைப் பற்றியா கேட்கிறான்? உன் நினைப்பாகவே இருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்படுகிற ஆம்பளைகள் கண்டுபிடித்த வழி அது. பொம்பளைகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல, 'ஆச்சு' என்பார்கள். கேமரா செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்வி என்றால் பதில்தான் வேண்டும் என்று நினைத்துவிட்டான்.

துணை வந்த முதல் வாரம் விளையாட்டாகத்தான் போயிற்று. "இன்னிக்குக் கத்தரிக்காய் கொழம்பு, ரெண்டு மணிக்கே சாப்பிட்டுட்டே, சரியா?" என்று போனை எடுத்ததும் அடைக்கலம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டாவது வாரம், "தண்ணி வந்துருச்சு போல," என்று அவரே சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் தெரிந்த ஆளிடம் எதைச் சொல்வது? இருபது நிமிஷம் ஏழு நிமிஷமாயிற்று. ஏழு, மூன்றாயிற்று. "சரி, அப்ப வச்சிரட்டுமா?" என்பார். "வைங்க," என்பாள். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவள் பிறந்த நாள். அவருக்கு ஞாபகம் இல்லை, அது எந்த வருஷமும் இருந்ததில்லை, அதற்குக் கோபமில்லை. ஆனால் அன்று பார்த்துப் போனை எடுத்ததும், "சாப்பிட்டுட்டே, பாயசம் வச்சிருக்கே, சரி, எல்லாம் நல்லாருக்குல்ல?" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

"அதான் எல்லாத்தையும் அந்தத் துணை சொல்லிருதுல்ல? அப்புறம் என்கிட்ட என்னத்தக் கேக்கக் கெடக்கு? இனிமே அதுகிட்டயே கேட்டுக்குங்க. எனக்குப் போன் பண்ண வேணாம்!" என்று வைத்துவிட்டாள்.

எந்தப் பெண்டாட்டி இப்படிச் சொன்னாலும் அதற்கு அர்த்தம், உடனே திரும்பக் கூப்பிட்டு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு என்பதுதான். வைத்த போனை மடியிலேயே வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அன்று போன் வரவில்லை. மறுநாள் இரண்டேகாலுக்கும் வரவில்லை. அதற்கு மறுநாள் அவள் மனதுக்குள், 'வரட்டும், வந்தாலும் எடுக்க மாட்டேன்' என்று சபதம் போட்டாள். சபதத்துக்கு வேலையே வரவில்லை.

தானாகக் கூப்பிட்டிருக்கலாம். அதற்குத்தான் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! சனிக்கிழமையானால் அவரிடமிருந்து, 'நலம். அங்கு நலமா' என்று ஒரு வரி எழுத்தில் வரும். அவள் 'ம்' என்று அனுப்புவாள். மகள் கூப்பிட்டால் இருவரும் நன்றாக இருப்பதாகத் தனித்தனியே சொல்லிக்கொண்டார்கள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. வள்ளிக்கண்ணு சில நாள் காலையிலிருந்து இருட்டும் வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். திடீரென்று பால்காரர் எதையாவது கேட்டால் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும்.

ஆடி மாதத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன, குறும்பு. துணைக்குப் பதில் தெரியாமல் போனால் அவர் தன்னிடம்தானே கேட்டாக வேண்டும்?

தட்டை எடுத்துக்கொண்டு, எந்தக் கேமராவும் எட்டாத படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். மூன்று மணிக்கு எழுத்து வந்தது: 'சாப்பிடலையா?' அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கல்யாணமான புதிதில்கூட இப்படி அடித்ததாக ஞாபகமில்லை. ஒரு கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டு, 'சாப்பிட்டேன்' என்று அனுப்பினாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள்; எழுத்தும் வரவில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டாள் என்று துணை தெரிந்துகொண்டிருக்கும். பழகிக்கொள்ளும் என்று பாய் சொன்னது சும்மா இல்லை.

அடுத்த நாள் காலைக் காப்பிக்குப் பிறகு அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. குடித்த அந்தக் காப்பியோடு சரி. பகல் முழுக்கக் கூடத்தில், கேமராவுக்கு நேர் எதிரே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். 'இப்ப என்ன சொல்லுவே, சொல்லு பாப்போம்,' என்று அதைப் பார்த்து முகவாயை நீட்டினாள். இரண்டேகால் ஆயிற்று. மூன்றாயிற்று. பசியில் காது அடைத்தது. நான்கு மணிக்கு வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பூரணம் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"என்னடி, உடம்புக்கு முடியலையா? காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலையாமே. தயிர்ச்சோறு பிசைஞ்சு கொண்டாந்திருக்கேன்."

"யாரு சொன்னா?"

"உன் வீட்டுக்காரர்தான். அங்கேருந்து போன் போட்டு, 'அக்கா, வள்ளி சாப்பிடலை, கொஞ்சம் என்னன்னு பாருங்க'ன்னாரு. புண்ணியவான். எனக்கு வாய்ச்சதும் இருக்கே, நான் செத்துக் கெடந்தாலும் காப்பி எங்கன்னு கேக்கும்."

வள்ளிக்கண்ணுவுக்குக் காதெல்லாம் எரிந்தது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், எட்டு வீட்டுக்கும் தமுக்கடிக்கிற பூரணத்தைக் கேட்டிருக்கிறார்! இவளுக்குப் போன் போடுவதற்கு ஆகிற அதே விரல், அதே பொத்தான்தானே? தயிர்ச்சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு, பூரணத்தை அனுப்பிவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறதையும் அது எங்கேயோ சொல்லிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிராஜ் பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், இந்தச் சனியனைக் கழட்டிட்டுப் போங்க."

ஆவணி பிறந்து, வேலைகள் முடிந்து ஒருவழியாகப் பாய் ஏணியோடு வந்து சேர்ந்தார். வந்தவர் ஏணியைச் சாய்த்தாரே தவிர ஏறவில்லை. "கெட்டுப் போச்சா தங்கச்சி?" என்றார்.

"கெட்டுப் போகல. நல்லாத்தான் வேலை செய்யுது. அதனாலதான் கழட்டச் சொல்றேன்."

பாய் அவள் முகத்தைப் பார்த்தார். ஊர் உலகத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரைத் துளை போட்டவர், புரியாமல் இருக்குமா? "கழட்டுறதுக்கு முன்னாடி கணக்கை மூடணும். உன் போனைக் கொடு, கட்டைவிரலை வையி," என்று வாங்கி எதையோ தட்டிக்கொண்டே போனார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஒரு நாளைக்குப் பத்தொன்பது கேள்வி. சில நாள் இருபத்தஞ்சு. நானும் எண்பது வீட்டுக்கு மேல மாட்டியிருக்கேன். வாரத்துக்கு நாலு கேள்வி வந்தா பெருசு. இப்படி நான் எங்கயும் பாத்ததில்ல."

"என்ன கேள்வி?"

"அண்ணன் கேட்டதுதான். இந்தா, நீயே பாரு."

"படத்தை அழிச்சிரும்னு சொன்னீங்களே, இது அழியாதா?"

"படம்தான் அழியும். உன் வீட்டைப் பத்தி யாரு என்ன கேட்டாலும், வீட்டு ஓனர் பாக்குறதுக்காக அந்தக் கேள்வி அழியாம இருக்கும். கம்பெனி விதி."

"ஓனர் அவருல்ல?"

"வீட்டு வரி ரசீது யாரு பேர்ல இருக்கு?"

"எம் பேர்ல. எங்கப்பா கொடுத்த மனை."

"அப்ப நீதான் ஓனர். அன்னிக்கே உன் பேர்லதானே பதிஞ்சேன்." பாய் போனை அவள் கையில் வைத்துவிட்டு, மோட்டார் பக்கத்து வயரைப் பார்ப்பதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனார். மோட்டார் பக்கத்து வயரில் ஒன்றும் இல்லை.

வள்ளிக்கண்ணு நின்றபடியே படித்தாள். முந்தின நாள் கேள்விகள் மேலே இருந்தன. காலை ஆறு பத்து: எழுந்திரிச்சிட்டாளா? எழுந்துவிட்டார். ஆறு நாற்பது: இருமல் இருக்கா? மூன்று முறை இருமினார். எட்டு மணி: சாப்பிட்டாளா? பத்து மணி: யாரு வந்தாங்க? யாரும் வரவில்லை.

யாரு வந்தாங்க என்பதைப் படித்ததும் அவளுக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. ஓஹோ, வேவா பார்க்கிறார்? இந்த வயதிலா? பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தாள்.

நேத்து யாரு வந்தா? யாரும் வரவில்லை. இந்த வாரம் பூராவும்? அண்டை வீட்டுப் பெண், ஒரு முறை, நான்கு நிமிடங்கள். அவ்வளவுதானா? கேள்வி புரியவில்லை. வேற யாருமே அவகூடப் பேசலியா? பேசவில்லை.

அவள் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பகல் இரண்டேகால்: சாப்பிட்டாளா? உணவு உட்கொண்டார். முந்தாநாளும் இரண்டேகால்தான். அதற்கு முந்தின நாளும் இரண்டேகால். விரலால் தள்ளத் தள்ளக் கேள்விகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. ஆடி, ஆனி, வைகாசி. ஒரு நாள்கூடத் தவறவில்லை, நிமிஷம்கூட மாறவில்லை. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில் அந்த மனுஷன் அங்கே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவள் காதில்தான் விழவில்லை.

கோவமா இருக்காளா? கணிக்க இயலவில்லை. இது மட்டும் முப்பது நாற்பது இடத்தில் இருந்தது. அவ சிரிச்சு எத்தனை நாள் ஆச்சு? நூற்றுப் பன்னிரண்டு நாட்கள். இது போன வாரம்.

கொல்லையிலிருந்து திரும்பிய பாய், அவள் கண்ணைப் பார்க்காமல் ஏணியைப் பார்த்துக்கொண்டு, "கழட்டிரவா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க பாய். இது சொல்ற பதிலை மாத்த முடியுமா?"

"பொய் சொல்ல வைக்க முடியாதும்மா. ஆனா ஓனர் ஒரு பதிலை எழுதி வச்சு, எல்லாத்துக்கும் இதையே சொல்லுன்னா சொல்லும். என்ன எழுதணும்?"

அவள் சொன்னாள். பாய் எழுதிக் கொடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அவள் வெண்டைக்காய் புளிக்குழம்பு வைத்தாள், அப்பளம் பொரித்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, போனைத் திறந்து வைத்துக்கொண்டாள். காலையிலிருந்தே வேடிக்கை ஆரம்பமாகிவிட்டது.

எழுந்திரிச்சிட்டாளா? அவகிட்டயே கேளுங்க.

இருமல் எப்படி இருக்கு? அவகிட்டயே கேளுங்க.

அங்க மழையா? அவகிட்டயே கேளுங்க.

துணை ஒழுங்கா வேலை செய்யுதா? அவகிட்டயே கேளுங்க. இதைப் பார்த்து வள்ளிக்கண்ணு சத்தமாகவே சிரித்துவிட்டாள். நூற்றுப் பதின்மூன்றோ பதினாறோ, எத்தனையாவது நாளோ, அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது. சிரித்த கையோடு பயமும் வந்தது. அவர் கேட்காமலே விட்டுவிட்டால்? பதில் வராத கேமராவை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டால்? அப்புறம் தன்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பத்தொன்பது கேள்விகூட இல்லை.

இரண்டேகால். சாப்பிட்டாளா? அவகிட்டயே கேளுங்க.

இரண்டு பதினேழு. சாப்பிட்டாளா? அவகிட்டயே கேளுங்க.

இரண்டு இருபதுக்கு மறுபடியும் அதே. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்பளம் நமத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் போன் வெளிச்சத்தையே பார்த்திருந்தாள். இரண்டு இருபத்தெட்டுக்கு ஒரு கேள்வி வந்து விழுந்தது.

நான் கேட்டா அவ பேசுவாளா?

அவகிட்டயே கேளுங்க.

போன் அடித்தது. மூன்று தடவை அடிக்க விட்டாள். நான்காவதற்குப் பொறுமை இல்லை.

"ம்."

"சாப்பிட்டியா?"

குரல் கரகரத்திருந்தது. ரொம்ப நாளாக எடுக்காத பாத்திரத்தை எடுத்ததுபோல் இருந்தது. அவள் ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"பத்தொன்பது தடவை! ஒரு நாளைக்குப் பத்தொன்பது தடவை அந்தச் செவுத்துல இருக்கிறதுகிட்ட கேக்கத் தெரியுதுல்ல? என்கிட்ட ஒரு தடவை கேட்டா வாய் வெந்து போகுமா? பூரணத்துக்கிட்டப் போய்ச் சொல்றீங்க!"

"நீதானே வள்ளி சொன்னே, உனக்குப் போன் பண்ண வேணாம்னு."

"சொன்னா? சொன்னா அப்படியே விட்டுர்றதா? இருபத்தாறு வருஷமாக் குடும்பம் நடத்துற மனுஷனுக்கு இது தெரியாதா?"

"இருபத்தாறு வருஷத்துல நாம ஒண்ணா ஒரு வீட்டுல இருந்தது மூணு வருஷம் இருக்குமா? மீதி எல்லாம் போன்லதானே. அதையும் வைன்னு நீ சொன்னா, நான் என்னத்தக் கண்டேன்? நெசமாத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அழுதாள். அழுகை ஓய்ந்ததும்தான், அந்தப் பக்கம் ஏதோ இரைவதை அவள் கவனித்தாள்.

"அங்க என்ன சத்தம்?"

"காத்து."

"ரூமுக்குள்ள எப்படிக் காத்து இப்படி இரையும்? மாடியிலயா நிக்கிறீங்க?"

"நான் மஸ்கட்ல இல்ல வள்ளி."

"பின்ன?"

"சித்திரைக் கடைசியிலயே மாத்திட்டாங்க. பாலைவனத்துக்குள்ள ஒரு பம்ப் ஸ்டேஷன். எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குது. கூட ஒரு மனுஷன் இருக்கணும்னு விதியாம். அதுக்கு நான். எட்டு நாளைக்கு ஒருக்கா லாரி வரும், சாமானை இறக்கிட்டுப் போயிரும். அந்த லாரியும் தானா ஓடுறதுதான், ஓட்டுறதுக்கு ஆள் கெடையாது."

"அப்ப பேச்சுத் துணைக்கு?"

"துணைதான். கேட்டா பதில் சொல்லும்ல? அதான் கேட்டுக்கிட்டே இருப்பேன். நம்ம வீட்டுல யாரோ நடமாடுறது மாதிரி இருக்கும்."

நாலு மாதம். இவள் எத்தனை தடவை இருமினாள் என்று அவருக்குத் தெரியும். அவர் எந்த ஊரில் படுத்து எழுந்திருக்கிறார் என்பது இவளுக்குத் தெரியாது.

"நாலு மாசமா இதை ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவர் குரலில் கோபமில்லை, குத்திக்காட்டுவதும் இல்லை. உள்ளதைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"நீ கேக்கலியே."

தன்னை அவர் எத்தனை தடவை கேட்டார், எந்த நாள் கேட்கவில்லை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள், தான் அவரை எப்போது கேட்டோம் என்று தேடிப் பார்த்தாள். இந்த ஐந்து மாதத்தை விடு. அதற்கு முன்னால், தினம் இருபது நிமிஷம் பேசின காலத்தில்? ஆச்சு என்பாள், குழம்பைச் சொல்வாள், தண்ணீரைச் சொல்வாள், முதுகு வலியைச் சொல்வாள். நீங்க சாப்பிட்டீங்களா என்று ஒரு தடவையாவது? ஞாபகம் வரவில்லை. அவமானமாக இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். பழக்கமில்லாத வார்த்தை, மெதுவாகத்தான் வந்தது.

"இனிமேத்தான்."

"என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வைக்கல. ஒருத்தனுக்காக என்னத்த வைக்கிறதுன்னு தோணிரும்."

"நேத்து?"

"பிஸ்கட் இருந்துச்சு."

"முந்தாநாளு?"

"அதேதான்."

"எந்திரிங்க," என்றாள். "அரிசி இருக்குல்ல? பருப்பு? சரி. போனை வைக்காதீங்க. ஸ்பீக்கர்ல போட்டு அடுப்புப் பக்கத்துல வச்சுட்டு, ஒலையை வைங்க."

செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. குழாய் திறந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். தான் போட்டு வைத்த சோறு ஆறிப்போய்க் கிடந்தது, அதைத் தொடவில்லை.

"அரிசி எத்தனை டம்ளர் போடட்டும்?" என்று அவர் தள்ளி நின்று கேட்டார்.

சமையல் சொல்லிக் கொடுக்கிற எவளும் கேட்பதைத்தான் அவளும் யோசிக்காமல் கேட்டுவிட்டாள். "எத்தனை பேருக்கு?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் மட்டுந்தானே வள்ளி."

"முக்கால் டம்ளர் போடுங்க," என்றாள். "நானும் அவ்வளவுதான் போடுறேன்."